கெடு ஒரு பக்கத்துக்கு மட்டும்: கனடியக் குடிவரவு விண்ணப்பத் தாமதமும் தீர்வுகளும்

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டு, 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிமுறைகளும் விண்ணப்பதாரருக்குத் திட்டவட்டமான கெடுகளை விதிக்கின்றன. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து நீதிமன்றத்தை நாட 15 நாளும், வெளிநாட்டு விசா அலுவலகத்தின் முடிவை எதிர்க்க 60 நாளும், தற்காலிகமாகத் தங்கும் உரிமை முடிந்துபோனால் அதை மீட்டுத் தரக் கோர 90 நாளும் தரப்படுகின்றன. ஆனால் நிரந்தர வதிவிட விண்ணப்பம் ஒன்றின்மீது அதிகாரி எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதே சட்டம் எங்கும் சொல்லவில்லை. கெடு ஒரு பக்கத்துக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருக்கும் இந்தச் சமனின்மையைப் புரிந்துகொள்ளாதவரை, தாமதத்தைக் குறித்த கோபம் நியாயமானதாக இருந்தாலும் அது தீர்வாக மாறாது.

ஐ.ஆர்.சி.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கனடியக் குடிவரவுத் துறை, ஒவ்வொரு வகை விண்ணப்பத்துக்கும் ‘பரிசீலனைக் காலம்’ ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கணவன் அல்லது மனைவியை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களில் 80 சதவீதத்தை 12 மாதத்துக்குள் முடிப்பது தன் சேவைத் தரம் என்றும் அது நெடுங்காலமாக அறிவித்து வந்திருக்கிறது. இந்த எண்ணைப் பலரும் அரசு தரும் வாக்குறுதியாகக் கொள்கிறார்கள். உண்மையில் பத்து விண்ணப்பங்களில் இரண்டு அந்தக் காலத்தைத் தாண்டிச் செல்லும் என்பது அந்த 80 சதவீதக் கணக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நீதிமன்றங்களும் அறிவிக்கப்பட்ட காலத்தை ஒரு வழிகாட்டியாக மட்டுமே ஏற்கின்றன. காலம் கடந்ததா என்பதோடு அவை நிற்பதில்லை. அந்தக் காலம் எதற்காகக் கழிந்தது, யாரால் கழிந்தது, அதற்குத் துறை தரும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்றும் கேட்கின்றன. ஆகவே சட்டத்தின் கண்ணில் தாமதம் என்பது விளக்கப்படாத காலம். அது விளக்கப்படாதது என்பதையும், அதற்குத் தான் காரணம் அல்ல என்பதையும் ஆவணங்களால் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரரிடம் வந்து சேர்கிறது.

முதலில் பிரித்தறிய வேண்டியது, கோப்பு வரிசையில் நிற்கிறதா அல்லது மேசையில் சிக்கியிருக்கிறதா என்பது. கனடாவில் எத்தனை பேரை நிரந்தர வதிவாளர்களாக ஏற்பது என்பதை அரசு ஆண்டுதோறும் திட்டமிட்டு, பொதுவாக நவம்பர் 1-ஆம் தேதிக்குள் நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வைக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கு 4,85,000 என்றிருந்த இலக்கு, 2024 அக்டோபரில் வெளியான திட்டத்தில் 2025-க்கு 3,95,000 ஆகக் குறைக்கப்பட்டது. இடங்கள் குறைந்து விண்ணப்பங்கள் குறையாதபோது, எந்தப் பிழையும் இல்லாத கோப்பும் காத்திருக்க நேர்கிறது. பெற்றோர், தாத்தா, பாட்டி ஆகியோரை அழைக்கும் பிரிவிலும் மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பங்களிலும் இந்த நெருக்கம் மிக அதிகம். இத்தகைய காத்திருப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம். அதே பிரிவில் பின்னால் விண்ணப்பித்தவர்கள் முடிவு பெற்றுச் சென்றுகொண்டிருக்க, ஒரு கோப்பு மட்டும் அசையாமல் கிடப்பது வேறு வகையான தாமதம். சட்டத்தின் தீர்வுகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைக்கே உரியவை.

வரிசையில் நிற்பது ஆபத்தற்றது என்ற எண்ணத்தை 2012-ஆம் ஆண்டின் அனுபவம் தகர்த்தது. கூட்டாட்சித் திறன்மிகு தொழிலாளர் பிரிவில் 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்தவர்களின் கோப்புகள், புதிய விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையால் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஆண்டுக்கணக்கில் தேங்கின. அந்த வரிசையில் நின்ற ஒருவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, 2012 ஜூன் 14 அன்று தமக்குச் சாதகமான உத்தரவைப் பெற்றார். அதே மாதம் 29-ஆம் தேதி ஒப்புதல் பெற்ற வரவுசெலவுத் திட்டச் சட்டம், 2012 மார்ச் 29-க்கு முன் தேர்வு முடிவு எடுக்கப்படாத அத்தகைய விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒரே பிரிவின் மூலம் முடிவுக்குக் கொண்டுவந்தது. குடும்பத்தினரையும் சேர்த்துச் சுமார் 2,80,000 பேர் அதனால் பாதிக்கப்பட்டனர். கட்டிய கட்டணம் திரும்பியது, காத்திருந்த ஆண்டுகள் திரும்பவில்லை. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-இல் தள்ளுபடி செய்தது. பொறுமையாக, விதிகளை மீறாமல் காத்திருந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி இது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு கோப்பின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், அது எங்கே நிற்கிறது என்பதைக் கணிக்க முடியும். விண்ணப்பம் வந்து சேர்ந்ததும் அது முழுமையாக உள்ளதா என்று பார்க்கப்படுகிறது. முழுமையாக இருந்தால் ஏ.ஓ.ஆர். என்று விண்ணப்பதாரர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் ஒப்புகைக் கடிதம் வருகிறது. அதன்பின் தகுதி, குற்றப் பின்னணி, மருத்துவம், நாட்டுப் பாதுகாப்பு ஆகிய சோதனைகள் தனித்தனியாக நடக்கின்றன. இவற்றுள் தகுதியையும் மருத்துவத்தையும் குறித்த கேள்விகள் பெரும்பாலும் கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதமாக வெளியே வந்துவிடும். பாதுகாப்புச் சோதனை அப்படி அன்று. எல்லைச் சேவை முகமையும் சி.எஸ்.ஐ.எஸ். எனப்படும் உளவு அமைப்பும் அதில் பங்கேற்கின்றன; அது எப்போது தொடங்கியது, எந்தக் கேள்வியில் நிற்கிறது என்பது விண்ணப்பதாரருக்கு எளிதில் தெரிவதில்லை.

ஈழத் தமிழர்களின் கோப்புகள் இந்தக் கட்டத்தில் நெடுங்காலம் நின்ற வரலாறு உண்டு. 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. குடிவரவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அத்தகைய அமைப்பில் ‘உறுப்பினராக’ இருந்தவரை நாட்டுக்குள் ஏற்கத் தகாதவர் என்கிறது. ‘உறுப்பினர்’ என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் தந்துள்ள பொருள் மிக விரிவானது. வன்னியில் வாழ்ந்த ஒருவர் அங்கே யாரிடம் வேலை செய்தார், எந்த அலுவலகத்தில் கணக்கு எழுதினார் என்பதுகூடக் கேள்வியாகலாம். 2009 அக்டோபரில் ஓஷன் லேடி கப்பலில் வந்த 76 பேரும், 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 பேரும் கடுமையான பாதுகாப்பு விசாரணைக்கு உள்ளாயினர். அவர்களுள் பலருடைய கோப்புகள் ஆண்டுக்கணக்கில் முடியவில்லை. பின்னணிப் படிவம் கடந்த 10 ஆண்டுகளின் முகவரிகளையும் வேலைகளையும் இடைவெளியின்றிக் கேட்கிறது. சோதனையின்போது அதற்கும் முந்தைய ஆண்டுகள் கேட்கப்படுவதும் உண்டு. மாதத்துக்கு ஓர் ஊராக இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் முள்வேலிக்குள் இருந்து, பின் உறவினர் வீட்டில் ஒதுங்கிய ஒருவருக்கு அந்தக் கட்டங்களை நிரப்புவது எளிய காரியம் அன்று. ஆயினும் தேதி நினைவில்லாத இடத்தை வெறுமையாக விடுவதும், முகாம் வாழ்க்கையை மறைத்து வேறொரு முகவரியை எழுதுவதும் பின்னாளில் கூடுதல் தீங்கு தரும். ‘ஏறத்தாழ இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இடம்பெயர்ந்திருந்தேன்’ என்று ஒரு தனித்தாளில் உள்ளபடி விளக்கி இணைப்பதே பாதுகாப்பானது. பொய்த் தகவல் தந்ததாக முடிவு செய்யப்பட்டால் 5 ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே தடை வரும்.

தாமதத்தின் மிகப் பெரிய ஆபத்து, காத்திருக்கும் காலத்தில் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை என்பதில் இருக்கிறது. பிள்ளைகளின் வயதை எடுத்துக்கொண்டால், 2017 அக்டோபர் 24 முதல் 22 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளை சார்ந்திருப்பவராகக் கருதப்படுகிறார். முழுமையான விண்ணப்பம் துறையிடம் சேரும் நாளில் உள்ள வயதே பெரும்பாலான பிரிவுகளில் கணக்கில் கொள்ளப்படுவதால், பரிசீலனை நீண்டாலும் பிள்ளை வயது கடந்துவிடுவதில்லை. இந்தப் பாதுகாப்பு முழுமையான விண்ணப்பத்துக்கு மட்டுமே உரியது. ஒரு கையொப்பம் விடுபட்டோ ஒரு படிவம் பழைய பதிப்பாக இருந்தோ விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால், சட்டப்படி அது சேர்ந்ததாகவே கொள்ளப்படாது. இடையில் பிள்ளைக்கு 22 வயது நிறைந்துவிட்டால் அந்த இழப்பை மீட்பது அரிது.

வயது உறைந்து நிற்கிறது. மணநிலை உறைந்து நிற்பதில்லை. தமிழ்க் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் பெரும் துயரத்துக்கு ஆளாகின்றன. பெற்றோருடைய விண்ணப்பத்தில் சார்ந்திருப்பவராகச் சேர்க்கப்பட்ட மகளுக்கு, விசா வருவதற்குள் நல்ல வரன் அமைந்தது என்று திருமணத்தை முடித்துவிட்டால், அந்த நாளிலேயே அவர் சார்ந்திருப்பவர் என்ற தகுதியை இழக்கிறார். பதிவுத் திருமணம் மட்டும்தான், கலியாணம் பிறகுதான் என்று சொல்வது அதிகாரியிடம் எடுபடாது, பதிவும் திருமணமே. திருமணத்தை மறைத்துக் கனடாவில் வந்து இறங்குவது அதைவிடக் கேடானது: விண்ணப்பத்தின்போது தெரிவிக்கப்படாததால் பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் அழைப்பதை விதிமுறைகளின் 117(9)(ஈ) பிரிவு தடுக்கிறது, சொந்தக் கணவரையே அழைக்க முடியாமல் போகும். காத்திருக்கும் காலத்தில் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். ஆகவே திருமணம், பிறப்பு, இறப்பு, மணமுறிவு ஆகிய எதுவும் நிகழ்ந்தவுடன், விசா கைக்கு வந்திருந்தாலும்கூட, விமானம் ஏறுவதற்கு முன் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

மற்ற ஆபத்துகள் காலாவதியைச் சார்ந்தவை. குடிவரவு மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதமே செல்லும். காவல்துறைச் சான்றிதழும் கடவுச்சீட்டும் அவ்வாறே வயதாகின்றன. முகவரியோ மின்னஞ்சலோ மாறியதைத் தெரிவிக்காவிட்டால், துறை அனுப்பும் கடிதம் யாருமற்ற பெட்டியில் விழுந்து, பதில் வரவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கனடாவுக்குள் தற்காலிக அனுமதியில் இருப்பவர், அது முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கோரிவிட்டால், முடிவு வரும்வரை சட்டப்படி தங்கலாம். ‘தொடரும் தகுதி’ என அழைக்கப்படும் இந்த உரிமை, பணி அனுமதி உள்ளவர் அதே நிபந்தனைகளில் வேலையைத் தொடரவும் இடம் தருகிறது. நாட்டை விட்டு வெளியேறினால் அந்த உரிமை கேள்விக்குறியாகும். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டதால் மட்டுமே இந்தத் தகுதி வந்துவிடாது என்பதையும், தற்காலிக அனுமதியைத் தனியே காத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிந்து வாழும் தம்பதியர் இடையில் வருகை விசா கேட்பதில் தவறில்லை; நிரந்தரமாக வரும் எண்ணம் இருந்தாலும் தற்காலிகமாக வந்து திரும்பும் எண்ணமும் ஒருவருக்கு இருக்கலாம் என்பதைச் சட்டமே ‘இரட்டை நோக்கம்’ என்ற கருத்தாக ஏற்றிருக்கிறது.

கோப்பின் நிலையை அறிய முதற்கருவி, துறையின் கணினிப் பதிவேட்டின் நகல். ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்று புலம்பெயர் தமிழர் பேச்சிலேயே கலந்துவிட்ட இந்தப் பதிவுகளை, தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டணத்தில் கனடியக் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ கனடாவுக்குள் இருப்பவரோ கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் கணவருக்காக ஸ்கார்பரோவில் இருக்கும் மனைவி கேட்பதானால், கணவர் கையொப்பமிட்ட ஐ.எம்.எம். 5744 என்ற ஒப்புதல் படிவம் தேவை. தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கட்டணமின்றித் தம் தகவலைக் கேட்கும் உரிமை, 2022 ஜூலை முதல் கனடாவுக்கு வெளியே உள்ள வெளிநாட்டவருக்கும் விரிவாக்கப்பட்டது. பதில் தரச் சட்டம் விதிக்கும் காலம் 30 நாள். தகவல் அணுகல் சட்டத்தின் கீழான கோரிக்கைக்குப் பதில் தவறினால் தகவல் ஆணையரிடம் 60 நாளுக்குள் முறையிடலாம். தங்கள் கோப்பின் நிலையை வேறு வழியில் அறிய முடியாததால்தான் மக்கள் இந்தச் சட்டத்தை நாட வேண்டியிருக்கிறது என்பதை 2021-இல் தகவல் ஆணையர் நாடாளுமன்றத்துக்கு அளித்த சிறப்பு அறிக்கையே எடுத்துக்காட்டியது.

கைக்கு வரும் அந்தத் தாள்களில் பாதி சுருக்கெழுத்தாக இருக்கும். சில வரிகள் மறைக்கப்பட்டு, மறைக்க அனுமதிக்கும் சட்டப்பிரிவின் எண் மட்டும் ஓரத்தில் நிற்கும். ஆயினும் படிக்கத் தெரிந்தவருக்கு அது பேசும். ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே ‘நாட் ஸ்டார்ட்டட்’, ‘இன் பிராக்ரஸ்’, ‘பாஸ்ட்’, ‘ரிவ்யூ ரிக்வயர்டு’ என்பனவற்றுள் ஒன்று இருக்கும். அதிகாரியின் குறிப்புகள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். கோப்பை மீண்டும் எப்போது எடுத்துப் பார்ப்பது என்று அதிகாரி குறித்துக்கொள்ளும் பி.எஃப். தேதியும் சிலவற்றில் தென்படும். எல்லாச் சோதனைகளும் முடிந்தும் பாதுகாப்புச் சோதனை மட்டும் பதினெட்டு மாதமாக ‘இன் பிராக்ரஸ்’ என்றே இருந்து, இரண்டு குறிப்புகளுக்கிடையே பதினாறு மாதம் எவரும் எதுவும் எழுதாமல் இருந்தால், அந்த வெற்றிடமே நீதிமன்றத்தில் முன்வைக்கத்தக்க சான்றாகிறது. இதற்கு மாறாக, கேட்ட ஆவணம் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை என்ற குறிப்பு அங்கே இருந்தால், தாமதத்தின் காரணம் விண்ணப்பதாரரின் வீட்டிலேயே இருக்கிறது.

துறையின் இணையப் படிவம் வழியாகக் கேள்வி அனுப்புவது பெரும்பாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஆயத்தப் பதிலையே கொண்டுவரும். எனினும் அனுப்பியதற்கான ஒப்புகை எண் ஒரு சான்று. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம் இதைவிடப் பயன் தரக்கூடியது. 343 தொகுதிகளில் எதில் வசித்தாலும், விண்ணப்பதாரரின் அல்லது அழைப்பவரின் ஒப்புதலோடு கோப்பைப் பற்றித் துறையிடம் நேரடியாகக் கேட்கும் வழி அந்த அலுவலகங்களுக்கு இருக்கிறது. இச்சேவைக்குக் கட்டணம் கிடையாது. உறுப்பினரால் முடிவை மாற்றவோ வரிசையைத் தாண்டவோ இயலாது; தொலைந்த மருத்துவ அறிக்கை, தவறான கோப்பில் சேர்ந்த கடிதம் போன்ற எளிய சிக்கல்கள் அங்கே தீர்ந்துவிடுவதுண்டு.

அலுவலகத்துக்குள் ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் கோப்பை நகர்த்தலாம் என்று சொல்பவர்கள், காத்திருப்பவரின் தவிப்பை முதலாக்கிப் பிழைப்பவர்கள். கூலி பெற்றுக்கொண்டு ஆலோசனை தரவோ விண்ணப்பதாரரின் பிரதிநிதியாகவோ செயல்படச் சட்டம் அனுமதிப்பது வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவர்கள் ஆகியோரை மட்டுமே. அந்தக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். உரிமமற்ற முகவர் நிரப்பிய படிவத்திலுள்ள பொய்க்கும் கையொப்பமிட்ட விண்ணப்பதாரரே பதில் சொல்ல வேண்டும்.

எல்லா வழிகளும் அடைபட்டபின் இருப்பது, மாண்டமஸ் எனப்படும் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை. சட்டப்படி செய்தாக வேண்டிய கடமையைச் செய்யாத அதிகாரியை அதைச் செய்யுமாறு பணிக்கும் ஆணை அது. 1985-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், கனடாவில் இருந்த மனைவி ஒருவர் இந்தியாவில் இருந்த தம் கணவருக்காகத் தொடங்கிய விண்ணப்பம் 1980 முதல் புது டெல்லியில் முடிவின்றிக் கிடந்தது. எல்லா விண்ணப்பங்களுக்கும் பொதுவான காத்திருப்புக் காலத்தை நீதிமன்றம் நிர்ணயிக்க முடியாது என்றும், ஆனால் தக்க காரணமற்ற தாமதம் ஒரு கட்டத்தில் முடிவெடுக்க மறுப்பதற்கே சமமாகிவிடும் என்றும் கூறி, நீதிபதி ஆணை பிறப்பித்தார். இந்த ஆணைக்கான பொது நிபந்தனைகள் அப்போடெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1993-இல் தொகுத்துரைக்கப்பட்டன. குடிவரவு வழக்குகளிலும் அவையே இன்றுவரை பின்பற்றப்படுகின்றன. 1990-களின் இறுதியில் குடியுரிமை விண்ணப்பம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, தாமதம் எப்போது நியாயமற்றதாகும் என்பதை மூன்று கேள்விகளாக வகுத்தது: பணியின் தன்மைக்குத் தேவையானதைவிட மேலோட்டமான பார்வையிலேயே அதிக காலம் கழிந்திருக்கிறதா, விண்ணப்பதாரரோ அவருடைய வழக்கறிஞரோ அதற்குப் பொறுப்பா, துறை திருப்தியான விளக்கம் தந்திருக்கிறதா. பாதுகாப்புச் சோதனை நடக்கிறது என்ற ஒற்றை வரி போதிய விளக்கம் ஆகாது என்று அதற்குப் பின் பல தீர்ப்புகள் கூறியிருக்கின்றன. உண்மையான கவலை ஒன்றை ஆவணத்தால் காட்டும்போது துறைக்கு மேலும் காலம் கிடைக்கிறது.

வழக்குக்கு முன், முடிவு கோரும் கடிதம் ஒன்றைத் துறைக்கு அனுப்பி, பதிலளிக்க நியாயமான அவகாசம் தருவது இந்த நிபந்தனைகளில் ஒன்று. விண்ணப்ப எண், ஏ.ஓ.ஆர். தேதி, கேட்ட ஒவ்வோர் ஆவணமும் அனுப்பப்பட்ட நாள், அனுப்பிய கேள்விகளும் வந்த பதில்களும், தாமதத்தால் விளைந்த இன்னல் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும் இரண்டு பக்கக் கடிதம் போதும். வசைச் சொற்கள் அதன் வலுவைக் குறைக்கும். பதில் இல்லையெனில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி கோரி மனு செய்யப்படுகிறது. மனுவின் தாக்கல் கட்டணம் 50 டாலர். வழக்கறிஞர் கட்டணமே பெருஞ்செலவு. சிறப்புக் காரணம் இருந்தாலன்றி, குடிவரவு வழக்கில் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவை ஏற்க வேண்டியதில்லை என்ற விதி அச்சத்தைக் குறைக்கிறது. மனு தாக்கலானதும், அதுவரை அசையாத கோப்பை அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டுப் பெற்றுப் படிக்க நேர்வதால், விசாரணைக்கு முன்பே முடிவு வந்து வழக்கு கைவிடப்படுவதும் அடிக்கடி நடக்கிறது.

நீதிமன்றம் முடிவெடுக்கச் சொல்லுமேயன்றிச் சாதகமாக முடிவெடுக்கச் சொல்லாது. ஆகவே கோப்பில் உண்மையான பலவீனம் இருப்பவர், வழக்குத் தொடுப்பதற்கு முன் அந்தப் பலவீனத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். முடிவு நிராகரிப்பாக வந்தால் விண்ணப்பதாரர் பக்கத்துக் கெடுகள் உடனே ஓடத் தொடங்குகின்றன. வெளிநாட்டில் இருந்து விண்ணப்பித்த கணவர் அல்லது மனைவி மறுக்கப்பட்டால், காரணங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அழைத்தவர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவை நாடலாம். கனடாவுக்குள் இருந்தே விண்ணப்பிக்கும் துணைவர் பிரிவைத் தேர்ந்தவருக்கு அந்த மேல்முறையீடு இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது நீதிமன்றத்தை நாடுவதற்கான 15 நாள்.